அமாவாசையும் அதுவுமாகக் கடலுக்கா?

“அமாவாசையும் அதுவுமா கடலுக்கா போறே? வேற நாளே கெடைக்கலையா உங்களுக்கு?”

சென்ற ஆண்டு நம் கழகம் கோலசிலாங்கூருக்கு ஏற்பாடு செய்த இரண்டு நாள் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது கைப்பேசியில் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று பிறந்தபோதே யாரோ ஒரு சோதிடர் சொல்லியிருக்கிறார். அதன் விளைவாக இருபத்திரண்டு வயதாகியும் எனக்கு நீச்சல் தெரியாது. சிம்பாங் ரெங்கத்தில் மூழ்கிப் போவதற்கு மருந்துக்கும் கடல் கிடையாது என்பது வேறு கதை. சுற்றிலும் செம்பனை, அன்னாசி, நடுவே நெடுஞ்சாலை. ஜொகூர் மாநிலத்திற்கு மூன்று பக்கமும் கடல் என்று தேசியப்பள்ளியில் வரைபடம் வரைந்து மதிப்பெண் வாங்கிய நான், இடைநிலைப்பள்ளி முடியும்வரை கடலை நேரில் பார்த்தது மொத்தம் நான்கு முறை. அதில் இரண்டு முறை கரையில் நின்று சோறு சாப்பிட்டதோடு சரி.

அம்மாவின் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பயண ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருத்தி. தேதியை நாங்கள் முடிவு செய்யவில்லை, படகுக்காரர் கொடுத்தார். ‘இந்த நாலைந்து நாள்தான், விட்டால் அடுத்த பௌர்ணமிக்குத்தான்’ என்றார். ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்தக் கேட்காமல் விட்ட கேள்விதான்.

சாசாரான் கடற்கரையிலிருந்து படகில் ஏறி அரை மணி நேரத்திற்கு மேல் போனால் மலாக்கா நீரிணையின் நடுவே ஒரு மணல்திட்டு எழும்புகிறது. ‘ஸ்கை மிரர்’ என்று உலகமே அழைக்கும் இடம் அது. மலாய்க்காரர் ‘செர்மின் லாஙிட்’ என்பர். தமிழில் வான்கண்ணாடி எனலாம். கடல் வற்றும் வேளையில் மணலின்மேல் விரலளவு தண்ணீர் மட்டும் படலமாக நிற்கும். காற்றில்லாத நாளில் வானம் அப்படியே காலடியில் விழும். மேகத்தின்மேல் நிற்பதைப் போன்ற படங்களை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர் எடுத்தும் இருப்பீர்கள். பொய் சொல்வானேன், என்னிடமும் நாற்பத்தேழு படங்கள் உள்ளன.

அன்று நடந்ததை வந்தவர்கள் அறிவார்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று படகுகளில் போனோம். திரும்பும்போது முதல் படகு நிறைந்து புறப்பட்டது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது படகின் இயந்திரம் கிளம்பவில்லை. அதைச் சரி செய்யாமல், முதல் படகே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். எஞ்சியிருந்தவர்கள் பதின்மூன்று பேர். படம் எடுக்கும்போது அழகாக இராது என்று கழற்றிப் போட்டிருந்த மிதவைச் சட்டைகளில் பாதி, முதல் படகிலேயே கரைக்குப் போய்விட்டன. கணுக்காலில் இருந்த தண்ணீர் நாற்பது நிமிடத்தில் தொடைக்கு வந்தது. முதலாமாண்டு மாணவி ஒருத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “அக்கா, உங்களுக்கு நீச்சல் தெரியுந்தானே?” என்றாள். தெரியும் என்றேன். படகு வந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒரு கைப்பேசி மட்டும் உப்புத் தண்ணீரில் உயிர்விட்டது.

அதன்பின் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தது. இனி நம் கழகம் படகுப் பயணம் எதுவும் ஏற்பாடு செய்யக் கூடாது. அந்தப் பணத்தில் வளாகத்திலேயே ஒரு பட்டிமன்றமோ கவியரங்கமோ நடத்தலாம் என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். “தமிழ்க் கழகத்துக்கும் மணல்திட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று அவர் கேட்டதும் கைத்தட்டல் எழுந்தது. நானும் பயந்துபோயிருந்ததால் வாய் திறக்கவில்லை. முடிவு புதிய செயலவையிடம் விடப்பட்டது. அன்று பேசாததை இன்று இம்மலரில் எழுதுகிறேன். நண்பர் மன்னிப்பாராக. அவருடைய அச்சம் நியாயமானது. அவர் எட்டிய முடிவு தவறு.

முதலில் குற்றம் யாருடையது? படகுக்காரரைச் சொல்வது எளிது. அவர் செய்ததும் சரியன்று. ஆனால் கடல் எத்தனை மணிக்கு வற்றும், எத்தனை மணிக்கு ஏறும் என்பது இரகசியமன்று. ஓத அட்டவணை ஆண்டு முழுமைக்கும் முன்கூட்டியே கணித்து வெளியிடப்படுகிறது; கைப்பேசியிலேயே பார்க்கலாம். பேருந்துக்கு மூன்று நிறுவனத்தில் விலை கேட்டோம். மதியச் சோற்றுக்கு சைவம் எத்தனை, அசைவம் எத்தனை என்று இரண்டு முறை எண்ணினோம். சட்டையின் நிறத்திற்கு வாக்கெடுப்பே நடத்தினோம். தண்ணீர் எப்போது ஏறும் என்று ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பு என்னுடையது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். நிலவும் கதிரவனும் கடல்நீரை இழுக்கின்றன என்பது படிவம் ஒன்றில் படித்ததுதான். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் பூமியோடு ஒரே நேர்கோட்டில் நின்று சேர்ந்து இழுக்கின்றன. அதனால் அந்நாள்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களிலும் கடல் மிக உயரமாக ஏறும். மிகத் தாழ்வாக வற்றவும் செய்யும். அட்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டும் குறுக்காக இழுப்பதால் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. அந்தத் தண்ணீரை மலாய் மீனவர்கள் ‘ஆயேர் மாத்தி’, அதாவது செத்த தண்ணீர் என்பார்கள். சாசாரான் திட்டு மிகத் தாழ்வாக வற்றும் நாள்களில்தான் வெளியே தெரியும். ஆகவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அங்கே போகவே முடியும். சீனச் சுற்றுலா முகவர்கள் தங்கள் சந்திர நாட்காட்டியின் முதல் நாளையும் பதினைந்தாம் நாளையும் வைத்துத் தேதி குறிக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும் அதே நாள்கள்தாம், கறுப்பு வட்டமாகவும் வெள்ளை வட்டமாகவும். விரதத்திற்கும் சாம்பாருக்கும் அம்மா அன்றாடம் பார்க்கிற அந்த வட்டங்கள்தாம் கடலின் கால அட்டவணை. அம்மாவுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாமல் போனதுதான் வெட்கம்.

இன்னொரு கணக்கும் உண்டு. போர்ட் கிள்ளான் பக்கத்தில் அந்நாள்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே சுமார் 4 மீட்டர் வேறுபாடு இருக்கும். வற்றியதிலிருந்து ஏறி முடிக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆனால் அது ஒரே சீராக ஏறுவதில்லை. முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, பிறகு அதே வரிசையில் குறைந்துகொண்டே போகும். மாலுமிகள் கைவசம் வைத்திருக்கும் மனக்கணக்கு இது. 4 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் மணி நேரத்தில் முழங்கால்கூட நனையாது. இன்னும் நேரம் இருக்கிறது, இன்னும் நான்கு படம் எடுக்கலாம் என்று தோன்றும். மூன்றாம் மணி நேரத்தில் ஒரு மீட்டர் ஏறிவிடும். அதுவும் தண்ணீர் முன்னாலிருந்து அலையாக வராது. திட்டின் பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள பள்ளங்கள் வழியே சத்தமில்லாமல் வந்து சூழ்ந்துகொள்ளும். நாங்கள் பதின்மூன்று பேரும் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தோம். தண்ணீர் எங்கள் முதுகுப்பக்கமாக வந்தது.

இதைத் தெரியாதவர்கள் நாங்கள் மட்டுமல்லர். இங்கிலாந்தில் மோர்கம் வளைகுடா என்ற இடம் உண்டு. வற்றும்போது பரந்த மணல்வெளி. ஏறும்போது ஓடித் தப்ப முடியாத கடல். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் இரவு, அங்கே சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்களை ஓதம் சூழ்ந்துகொண்டது. குறைந்தது 21 பேர் மாண்டனர். முறையான ஆவணம் இல்லாமல் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள்; மொழி தெரியாது, கடலும் தெரியாது. வேலைக்கு அனுப்பிய கங்காணி சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் நின்றார்கள். கங்காணி என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். அவர்கள் அவனை வேறு பெயரில் அழைத்திருப்பார்கள். தோட்டப்புறத்துப் பிள்ளைகளாகிய நமக்கு அந்த ஆளை அடையாளம் தெரியும்.

இனி, ‘தமிழுக்கும் மணல்திட்டுக்கும் என்ன சம்பந்தம்’ என்ற கேள்வி.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடலில் வரிசையாக மணல்திட்டுகள் கிடக்கின்றன. இராமர் பாலம், ஆதாம் பாலம், சேது என்று ஆளுக்கொரு பெயர். அதை வைத்து நடந்த அரசியலும் வழக்கும் நம் அப்பாக்கள் படித்த நாளேடுகளில் நிறைய வந்தன. 2005-இல் தொடங்கிய சேதுக் கால்வாய்த் திட்டம் 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் நின்றுபோனது வரைக்கும் பலருக்குத் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அதுவன்று. அந்தக் கரையோரத்து மீனவர்கள் அத்திட்டுகளைத் ‘தீடை’ என்கிறார்கள். ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண்ணியும் வைத்திருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலங்கையில் விலைவாசி தாங்க முடியாமல் மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்துத் தமிழர்கள் படகேறினார்கள். அவர்களில் கைக்குழந்தை உட்பட ஆறு பேரை அரிச்சல்முனைக்கு அப்பால் நான்காம் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரர் போய்விட்டார். இந்தியக் கடலோரக் காவல்படை வந்து மீட்கும்வரை அவர்கள் அந்த மணலில் கிடந்தார்கள்.

அந்தச் செய்தி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. படித்தேன், அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். மணல்திட்டு என்ற சொல் அப்போது எனக்கு வெறும் சொல். சாசாரானில் தொடையளவு தண்ணீரில், என் கையைப் பிடித்திருந்த தங்கையின் விரல்கள் நடுங்கியபோதுதான் அந்தக் கைக்குழந்தையின் நினைவு வந்தது. எங்களுக்குப் படகு திரும்பி வரும் என்று தெரியும். முழுப் பணமும் அதுவரை கொடுத்திருக்கவில்லை! அந்தத் தாய்க்கு அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை. இரண்டையும் ஒப்பிடுவது தகாது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அன்று அவர்களை நினைத்தது உண்மை, ஆகவே எழுதுகிறேன்.

நண்பர்களே, நெய்தல் என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் யாரும் திணறமாட்டோம். கடலும் கடல் சார்ந்த இடமும் என்று தூக்கத்திலும் சொல்வோம். உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு. தேர்வுக்கு இது போதும். ஆனால் அலை கொண்டுவந்து குவித்த மணல்மேட்டுக்கு ‘எக்கர்’ என்றொரு பழஞ்சொல் இருக்கிறது என்பதும், கடல் ஏறி இறங்குவதற்கு ‘ஓதம்’ என்ற சொல் இருக்கிறது என்பதும் அந்தப் பயணத்திற்குப் பிறகு அகராதியைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிய வந்தது. அதுவரை எனக்கு அவை ‘பெத்திங்’, ‘பாசாங் சூருட்’ ஆகியவைதாம். மலாயில் தெரிந்திருப்பதில் குறையொன்றும் இல்லை, நல்லதுதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசியப்பள்ளியில் ஐந்தாண்டு படித்த எனக்குத் தோட்டம், பால்மரம், கோயில், திருமணம் எல்லாவற்றிற்கும் இரண்டு மொழியிலும் சொல் இருக்கிறது. கடலுக்கு மட்டும் ஒரு மொழியில்தான் இருந்தது. கவியரங்கம் நடத்தி இதைச் சரி செய்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் கவியரங்கங்களில் கடல் வருவதெல்லாம் ‘உன் நினைவலைகள்’ என்ற அளவில்தான்.

என் பாட்டியின் தந்தை நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறிவந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர். 1972-இல் அதன் பெயர் போர்ட் கிள்ளான் ஆயிற்று. நாங்கள் நின்ற திட்டு அந்தத் துறைமுகத்திற்கு வடக்கே, அதே கடலில்தான் இருக்கிறது. அவர் இறங்கிய மறுநாளே லாரியில் ஏற்றி ஜொகூர் ரப்பர்க் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பிறகு சாகும்வரை கடலைப் பார்க்கவில்லை என்று பாட்டி சொல்வார். கடல் கடந்து வந்த இனம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். கடந்த கையோடு அதற்கு முதுகைக் காட்டிவிட்டோம். ஆடி அமாவாசைக்கு மோரிப்புக்கும் போர்ட்டிக்சனுக்கும் போய் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்களைச் சேர்க்காமல் சொல்கிறேன். அவர்களாவது ஆண்டுக்கு ஒருமுறை சரியான நாளில் தண்ணீரில் கால் வைக்கிறார்கள்.

ஆகவே போக வேண்டும் என்கிறேன். ஆனால் அடுத்த முறை சாசாரான் வேண்டாம். படத்திற்காக மட்டும் போகிற கூட்டத்தில் நாமும் ஒரு பேருந்து சேர்வதால் பயனில்லை. அங்கே மணலைத் தோண்டிச் சிப்பியும் நண்டும் வாளியில் அள்ளிக் காட்டிவிட்டுக் கொட்டிப்போவதைப் பார்த்தேன்; நானும் ஒரு நண்டைப் பிடித்துப் படம் எடுத்தேன். எங்கள் மாநிலத்திலேயே இதைவிடப் பெரிய செய்தி ஒன்று தண்ணீருக்கடியில் கிடக்கிறது.

கேலாங் பாத்தாவுக்கு அப்பால், சுங்கை பூலாய் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் மெராம்போங் திட்டு இருக்கிறது. ஒரு பக்கம் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். எதிரே சிங்கப்பூரின் துவாஸ். இந்த இரண்டு இரும்புக் காடுகளுக்கு நடுவே, நன்றாக வற்றும் நாளில் ஒரு பசும்புல்வெளி கடலிலிருந்து எழுகிறது. தீபகற்ப மலேசியாவின் மிகப்பெரிய கடற்புல் பரப்பு என்று அறியப்பட்டது அது. கடற்குதிரை, நட்சத்திர மீன், கடலட்டை எல்லாம் அந்தப் புல்லுக்குள் வாழ்கின்றன. 2000-களில் சூ சீ குவாங் என்ற ஆய்வாளர் மாணவர்களையும் தன்னார்வலர்களையும் அழைத்துக்கொண்டு, இரவில் வற்றும் வேளையில் அங்கே நடந்து கடற்குதிரைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்தார். அருகிலுள்ள மீனவக் கம்பத்துப் பிள்ளைகளுக்கு ‘கெலாப் அலாமி’ என்ற அமைப்பு, தங்கள் கடலைத் தாங்களே ஆராய்ந்து பிறருக்கு விளக்கிச் சொல்லக் கற்றுக்கொடுத்தது. முகத்துவாரத்துக் கண்டல்காடு 2003-இல் 9,126 ஹெக்டர் பரப்பளவுடன் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. புல்வெளி அந்த எல்லைக்குள் வரவில்லை.

அதன் விலையைப் பிறகு கண்டோம். 2014-இல் ‘ஃபாரஸ்ட் சிட்டி’ என்ற செயற்கைத் தீவு நகரத்திற்காக அங்கே கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். மணல் கொட்டிப் போட்ட பாதை புல்வெளியின் குறுக்கே சென்றது. சிங்கப்பூர் கவலை தெரிவித்தது, வேலை நிறுத்தப்பட்டது, 2015-இல் பரப்பைக் குறைத்து 1,386 ஹெக்டருக்கு அனுமதி கிடைத்தது. ஏழு இலட்சம் பேர் குடியேறுவார்கள் என்றார்கள். வந்தது அதில் ஒரு சிறு துளி. இயற்கை ஆயிரமாயிரம் ஆண்டுகளில் சேர்த்த திட்டின் பக்கத்தில், வேறெங்கோ தோண்டிய மணலைக் கொட்டி மனிதன் எழுப்பிய திட்டு அது. அதன்மேல் அடுக்குமாடிகள் நிற்கின்றன, பெரும்பாலும் விளக்கெரியாமல். வளர்ச்சி வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் அல்லேன். என் அண்ணன் உட்பட எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் கேலாங் பாத்தாவிலும் துவாஸிலும்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் ஏழு இலட்சம் பேருக்கு வீடு என்று சொல்லி, ஏற்கெனவே குடியிருந்த உயிர்களின் வீட்டை எடுத்ததை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் குடிகளில் ஒன்று கடற்பசு. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் மேயும் சாதுவான பிராணி. மலாயில் ‘டூயோங்’. பாக் நீரிணைக் கரையில் அதற்கு ‘ஆவுளியா’ என்று அழகான பெயர் உண்டு. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு, பாக் விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர் கடலை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தீடைகளுக்கு வடக்கே தொடங்கும் அந்தக் கடலில் மேய்கிற அதே ஆவுளியாதான் ஜொகூரிலும் மேய்கிறது. இங்கே உள்ள தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனுக்காவது அதன் தமிழ்ப் பெயர் தெரியுமா? எனக்குத் தெரியாமல் இருந்தது. ‘தமிழுக்கும் மணல்திட்டுக்கும் என்ன சம்பந்தம்’ என்ற கேள்வியை இங்கே மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சிம்பாங் ரெங்கத்தில் கடல் இல்லை என்று தொடக்கத்தில் எழுதினேன். அதையும் திருத்திக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்து நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு ஓடும் சுங்கை பெனுட், பொந்தியான் மாவட்டத்தில் பெனுட் என்ற ஊரில் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில், குப்பைமேட்டிலிருந்து வடிந்த கழிவுநீர் ஆற்றில் கலந்து, அமோனியா கூடி, சுத்திகரிப்பு நிலையத்தை அடிக்கடி மூடினார்கள். குழாயில் தண்ணீர் நிற்கும். லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்ற நாள்கள் 2019-இலும் தொடர்ந்தன. எங்களுக்குத் தண்ணீர் வந்ததா வரவில்லையா என்பதைப் பற்றித்தான் அன்று எல்லாரும் பேசினோம். நாங்கள் குடிக்க முடியாது என்று விட்ட அந்தத் தண்ணீர் ஓடி எங்கே சேர்ந்தது என்று வரிசையில் நின்ற யாரும் கேட்டதாக நினைவில்லை. பெனுட் கரையில் மீன்பிடிப்பவர்கள் கேட்டிருப்பார்கள்.

செலவு, பாதுகாப்பு என்று புதிய செயலவை கேட்கும். கேட்கவும் வேண்டும். மெராம்போங் சிறிய இடம்; ஒரே நேரத்தில் நாற்பது பேர் போய் மிதிக்கக் கூடாது. பன்னிரண்டு பேர் போதும். புல்லின்மேல் நடக்காமல், உள்ளூர் மீனவர் ஒருவரை முன்னே விட்டு மணல்பகுதியில் நடக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் முன்னாள் மாணவர்கள் நான்கு பேர் வந்தால் படகுச் செலவை அவர்கள் தலையில் கட்டலாம். (முன்னாள் மாணவர்கள் இம்மலரைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.) வற்றும் நேரம், ஏறத் தொடங்கும் நேரம், படகில் இருக்க வேண்டிய நேரம் ஆகிய மூன்றையும் பயணக் கடிதத்திலேயே அச்சிட வேண்டும். மிதவைச் சட்டையைக் கழற்றுபவர் படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த பயணத்திற்குப் பெயர் கொடுக்கக் கூடாது. பல்கலைக்கழக நீச்சல் குளத்தில் கழகத்தின் பெயரில் வாரம் ஒரு மணி நேரம் பதிவு செய்யலாம். பட்டிமன்றத்திற்கு மண்டபம் பதிவு செய்கிற அதே பாரம்தான்; விசாரித்துவிட்டேன்.

பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பமாட்டார்கள் என்றும் ஒருவர் சொன்னார். என் அம்மாவிடமே தொடங்கினேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது சுவரிலிருந்து நாட்காட்டியைக் கழற்றி மேசையில் விரித்து, கறுப்பு வட்டத்தையும் வெள்ளை வட்டத்தையும் காட்டி, தண்ணீர் எப்படி ஏறி எப்படி வற்றுகிறது என்று சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, தன் தாத்தா கப்பலில் வந்த கதையில் ஒரு பகுதி எனக்குத் தெரியாது என்று சொல்லத் தொடங்கினார். துறைமுகத்தில் கப்பல் உடனே கரை சேரவில்லையாம். தண்ணீர் ஏறட்டும் என்று ஒரு பகல் முழுக்க வெளியே நின்றதாம். அதுவும் ஓர் அமாவாசையை ஒட்டித்தான் இருக்குமோ என்னவோ என்றார்.

நீச்சல் குளத்திற்கு இதுவரை எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அன்று என் கையைப் பிடித்திருந்த தங்கையின் பெயர் முதலில் இருக்கிறது. என் பெயர் இரண்டாவது.